கொக்கும் நாரையும்: அண்ணி சாட்சி சொன்ன நாள்

போன வாரம் குழாயடியில் அகப்பட்ட அந்தப் பாதி கரைந்த சோப்புக் கட்டி, இந்த வாரம் கோர்ட்டு ஏறுகிறது.

விடாமல் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சில வரிகள். பெரியவர் 'கொக்கு மார்க்' சலவை சோப்பு செய்கிறவர். அவர் தம்பி சின்னவன், அண்ணனோடு பல வருஷம் சோப்பு காய்ச்சிவிட்டு, ஒரு நாள் முறைத்துக்கொண்டு வெளியேறி, 'நாரை மார்க்' என்று தனியாக ஆரம்பித்தவன். கொக்கு சோப்பு நீலக் காகிதத்தில் வெள்ளைப் பறவை. நாரை சோப்பும் நீலக் காகிதத்தில் வெள்ளைப் பறவை. பெரியவர் வழக்குப் போட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போது நாரை சோப்பு ஒன்று பெரியவர் வீட்டுக் குழாயடியிலேயே கிடந்தால் எப்படி இருக்கும்? அதை வாங்கி வந்தது அவருடைய மனைவி. அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் சின்னவன் நாள் முழுக்க அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், சோப்புக்குக் காகிதம் சுற்றும் பெண்களிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

"என் வீட்டுக்குள்ளேயேவா?" என்று அன்றைக்குப் பெரியவர் கத்தியபோது, அண்ணி பயத்தில், "தெரியாம வந்துடுச்சு போல" என்று சொல்லிவைத்தாள். அந்த அரை வாக்கியத்தின் மேல் பெரியவரின் வக்கீல் இரண்டு மாடி கட்டிவிட்டார்.

இன்று காலை வக்கீல் அலுவலகத்தில் அவர், பெரியவர், அண்ணி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் கொக்கு ஒன்று, நாரை ஒன்று. வக்கீல் டீ கிளாஸை வைக்க இடம் தேடி, கடைசியில் கொக்கின் மேலேயே வைத்தார்.

"அம்மா, ரொம்ப சுலபம். இந்த மாதிரி வழக்குல யாராவது ஏமாந்தாங்கன்னு காட்டணும்னு கட்டாயமே இல்லை. ஏமாற வாய்ப்பு இருந்தாலே போதும். ஆனா ஏமாந்த ஆளே நேர்ல வந்து நின்னா அந்த பலமே தனி. அதுலயும் யாரு? முதலாளியோட சம்சாரம்!"

"முதலாளி சம்சாரமே ஏமாந்தா ஊர்ல மத்தவங்க எந்த மூலைக்கு?" என்றார் பெரியவர். அவருக்கு மனைவி ஏமாந்ததில் அப்படி ஒரு பெருமை.

அண்ணி மெதுவாகக் கேட்டாள். "போன தடவை கோர்ட்டுல என்ன சொன்னாங்க?"

"அதைக் கேளு" என்று பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவன் தரப்பு வக்கீலம்மா ரெண்டு சோப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. பதினோரு வித்தியாசம்னு எண்ணிக் காட்டுனாங்க. ஒரு பறவைக்கு ஒத்தைக் காலு, இன்னொண்ணுக்கு ரெண்டு காலு. எழுத்து வேற, மூக்கு வேற, ஓரம் வேற... நீதிபதி பொறுமையா கேட்டுட்டு, 'ஒண்ணை எடுத்து உள்ள வைங்க'ன்னாரு. வச்சாங்க. 'கடைக்கு வர்றவங்க பழைய சோப்பைக் கையில பிடிச்சுக்கிட்டா வர்றாங்க? ஒண்ணுதான் கண்ணு முன்னாடி இருக்கும், இன்னொண்ணு ஞாபகத்துல இருக்கும். அதுவும் அரைகுறை ஞாபகம்'ன்னாரு. அந்தம்மா வாயடைச்சுப் போச்சு."

"அதுக்கும் ஒண்ணு சொன்னாங்களே" என்றார் வக்கீல். நியாயமான மனுஷர், எதிராளி அடித்த அடியையும் மறைக்க மாட்டார். "சலவை சோப்புன்னா எல்லாரும் நீலக் காகிதம்தான் போடறாங்க, நீலம் யாரோட சொத்தும் இல்லைன்னாங்க. நீதிபதி ஒத்துக்கிட்டார். நீலமும் பொதுதான், பறவையும் பொதுதான். ரெண்டும் சேர்ந்து ஒரே மாதிரி நிக்குதான்னு பார்க்கணும்னார். அதாவது, தனித்தனியா பிச்சுப் பார்க்கக் கூடாது. மொத்தமா பார்த்தா மனசுல என்ன தங்குதோ அதுதான் கணக்கு. அங்கதான் நீங்க வர்றீங்க. 'கொக்குன்னு நினைச்சு வாங்கிட்டேன்.' அவ்வளவுதான்."

"வீட்டுல பரண் நிறைய சோப்பு இருக்கே. கடையில எதுக்கு வாங்கினீங்கன்னு கேட்டா?"

வக்கீல் ஒரு நிமிஷம் யோசித்தார். பெரியவரும் யோசித்தார். சோப்புக்காரர் வீட்டில் சோப்புக்குப் பஞ்சமா என்று இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை.

"பரணுக்கு ஏற முடியலை, அவசரத்துக்கு வாங்கினேன்னு சொல்லிடுங்க" என்றார் வக்கீல்.

"இவளுக்கு முட்டி வலி உண்டு" என்று பெரியவர் உடனே ஒத்து ஊதினார்.

அண்ணிக்கு முட்டி வலி உண்டுதான். ஆனால் விஷயம் முட்டியில் இல்லை. அந்தச் சோப்பை அவள் தெரிந்தே வாங்கினாள். நாரை என்று தெரிந்து, சின்னவன் செய்தது என்று தெரிந்து, வாரா வாரம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்கு நடந்து போய் வாங்கினாள்.

அவள் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் மாமியார் இல்லை; அரை டிராயர் போட்ட சின்னவன்தான் இருந்தான். அவனுக்குத் தலை வாரி விட்டது அவள். காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அவள். அவன் கல்யாணத்தில் தாயார் இடத்தில் நின்றதும் அவள்தான். அவன் வீட்டை விட்டுப் போன பிறகு, பேசக் கூடாது, போகக் கூடாது, போன் வந்தால் எடுக்கக் கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். சோப்பு வாங்கக் கூடாது என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஒரு கட்டி சோப்பால் யாரும் கோட்டை கட்டப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு கட்டியைக் கையில் வாங்கும்போது, பையன் நன்றாக இருக்கிறான் என்று ஒரு நிம்மதி. அதற்காகத்தான் வாங்கினாள்.

இப்போது அது வந்து கழுத்தைப் பிடிக்கிறது. ஏமாந்தேன் என்று பொய் சொன்னால் சின்னவனின் தொழில் போகும். கடைகளில் இருக்கிற சரக்கெல்லாம் திரும்பி வரும்; அவன் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தெரிந்தே வாங்கினேன் என்று உண்மை சொன்னால் பெரியவர் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கோர்ட்டில் அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சாட்சி, வாதத்தைக் கேட்கக் கூடாதாம். கூடத்தில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. காற்று மட்டும் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.

சின்னவன் தண்ணீர் குடிக்க வெளியே வந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் போகவா நிற்கவா என்று தடுமாறி, கடைசியில் மூன்றடி தள்ளி நின்றான்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி?"

"இருக்கேன் தம்பி. நீ ஏன் இப்படி இளைச்சுட்டே? சாப்பிடறியா இல்லையா?"

"அதெல்லாம் சாப்பிடறேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க ஏமாந்து வாங்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். பரவாயில்லை, என்ன நடந்துச்சோ அதைச் சொல்லிடுங்க. நான் மனசுல வச்சுக்க மாட்டேன். ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியலை. எப்படி அண்ணி ஏமாந்தீங்க? ரெண்டு சோப்புக்கும் எவ்வளவு வித்தியாசம்! அவர் சோப்பு தண்ணியில ஊறிடும், என்னுது கெட்டியா நிக்கும். அவர் கம்பியால வெட்டறாரு, நான் அச்சுல அமுக்கறேன். கண்ணில்லாதவன்கூட சொல்லிடுவான்."

இதுதான் அந்தக் குடும்பத்துக் கோளாறு. அண்ணனாகட்டும் தம்பியாகட்டும், சோப்பைப் பார்ப்பார்களே தவிர, சுற்றியிருக்கும் காகிதத்தைப் பார்க்க மாட்டார்கள். அப்பா காலத்திலிருந்தே அது அப்படித்தான். நீலக் காகிதமும் வெள்ளைப் பறவையும் அப்பா வைத்தது. அப்பாவுடையது தனக்கும் பாதி என்று நினைத்து எடுத்துக்கொண்டான் சின்னவன். உள்ளே இருப்பது வேறு சோப்பு, பிறகு எப்படி ஒன்றாகும் என்பது அவன் வாதம். ஊரை ஏமாற்ற வேண்டும் என்று அவன் நினைத்ததே இல்லை, அது சத்தியம்.

அண்ணிக்கு வாய் வரை வந்தது. நான் ஏமாறலைடா என்று சொல்லியிருப்பாள். அதற்குள் டவாலி வெளியே வந்து அவளைக் கூப்பிட்டான்.

கூண்டில் ஏறும்போது முட்டி நிஜமாகவே வலித்தது. சத்தியம் வாங்கினார்கள். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று தன் குரலே தனக்குக் கேட்டதும், காலையில் வக்கீல் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

வக்கீல் பாதி கரைந்த கட்டியையும் அதன் உறையையும் காட்டினார். "இது உங்க வீட்டுல இருந்ததுதானே?"

"ஆமாங்க."

"கொக்கு சோப்புன்னு நினைச்சுத்தானே வாங்கினீங்க?"

எதிர்த்தரப்பு வக்கீலம்மா எழுந்தார். "ஐயா, பதிலை அவரே ஊட்டி விடுறார்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கேள்வியை மாத்திக் கேளுங்க."

"சரி. என்ன சோப்புன்னு நினைச்சு வாங்கினீங்க?"

அண்ணி பெரியவரைப் பார்த்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து, சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சின்னவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்திருந்தான். அந்தப் பிடரியைப் பார்த்ததும் அவளுக்குப் பொய் வரவில்லை.

"நாரை சோப்புன்னு நினைச்சுத்தான் வாங்கினேன்" என்றாள்.

பெரியவரின் தலை ஆட்டம் நின்றது. வக்கீல் கையிலிருந்த உறையைத் திருப்பிப் பார்த்தார், பதில் அதில் எழுதியிருப்பதுபோல. பிறகு, "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

வக்கீலம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "தெரிஞ்சே வாங்கினீங்க?"

"ஆமாங்க. தெரிஞ்சேதான்."

"உங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை?"

"இல்லைங்க."

"நன்றி அம்மா." அவர் உட்கார்ந்தார். சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது அவளுக்குத் தெரிந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். வீட்டில் என்ன இடி விழுமோ விழட்டும், பிள்ளை பிழைத்தான்.

"ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா" என்றார் நீதிபதி. அவர் குரலில் அதட்டல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் விசாரிப்பதுபோல் இருந்தது. "உங்க வீட்டுலயே சோப்பு இருக்குமே?"

"பரண் நிறைய இருக்குங்க ஐயா."

"பின்னே ஏன் இது?"

"தம்பி என்ன செய்யறான், எப்படி இருக்கான்னு... பார்க்கணும்னு இருந்துச்சு. ஒரு தடவை வாங்கினேன். அப்புறம் வாரா வாரம் வாங்காம இருக்க முடியலைங்க."

யாரோ பின்னால் இருமினார்கள். நீதிபதி அடுத்த கேள்விக்குப் போனார்.

"கடையில என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"நாரை சோப்பு கொடுங்கன்னு."

"கொடுத்தாரா?"

அது வரை அதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. கடைக்காரர் கொடுத்ததும் அவள் வாங்கியதும் தினப்படி நடக்கிற காரியம். யார் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வார்கள்? இப்போது யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

"சொல்லுங்கம்மா."

"கொக்கை எடுத்துக் கொடுத்தாருங்க."

"நாரை கேட்டதுக்கு?"

"ஆமாங்க. இது இல்லைங்க, நாரைன்னு சொன்னேன். அப்புறம் மாத்திக் கொடுத்தாரு."

"முதல் தடவை மட்டும்தானா?"

"எல்லாத் தடவையும்னு சொல்ல மாட்டேன் ஐயா. பாதித் தடவை." வாயை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். சத்தியம் வாங்கியிருக்கிறார்களே. "எல்லாம் ஒரே கம்பெனிதானேம்மா, எதை வாங்கினா என்னன்னு கேட்பாரு."

வக்கீலம்மா எழுந்தார். "கடைக்காரர் சொன்னதை இவங்க சொல்றது எப்படி..."

"அவர் என்ன நினைச்சார்னு நான் எடுத்துக்கலை. நாரை கேட்டாங்க, கொக்கு கைக்கு வந்தது. அதை மட்டும்தான் பார்க்கறேன்." மறுபடி அண்ணி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"கையில வாங்கினா தெரிஞ்சுடும் ஐயா. அவர் சோப்பு கம்பியால வெட்டறது, முனை மழுங்கலா இருக்கும். தம்பி சோப்பு அச்சு, முனை கூரா இருக்கும். காகிதத்துக்கு மேலயே தட்டுப்படும்."

"காகிதத்தைப் பார்த்து?"

அண்ணி மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நீதிபதி மேசை மேலிருந்து ஒரு சோப்பை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். நீலக் காகிதம். வெள்ளைப் பறவை. எழுத்து அவர் விரலுக்குப் பின்னால் இருந்தது.

"இது எது?"

பறவை ஒற்றைக் காலில் நின்றது. ஒன்றுக்கு ஒற்றைக் கால், ஒன்றுக்கு இரட்டைக் கால் என்று காலையில்தான் கேட்டாள். எது எதற்கு? வாழ்ந்த வீடு முழுக்க அந்தப் பறவைதான். பரணில் அதுதான், லாரியில் அதுதான், காலண்டரில்கூட அதுதான். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். தெரிந்ததுபோல் இருந்தது, உடனே தெரியாததுபோலும் இருந்தது. நாரை என்று சொன்னால் சின்னவனுக்கு நல்லதா, கொக்கு என்றால் நல்லதா என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை.

"கையில கொடுங்க ஐயா, சொல்லிடறேன்" என்றாள்.

நீதிபதி சோப்பைக் கீழே வைத்தார். குனிந்து எழுத ஆரம்பித்தார். கூண்டுக்குக் கீழே வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் அண்ணிக்கு, என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

மதியத்துக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. சாட்சி முடிந்துவிட்டதால் அவளும் உள்ளேயே உட்கார்ந்து கேட்டாள். வீட்டுக்காரம்மாவின் நேர்மையை நீதிபதி ஒரு வரி பாராட்டினார். அவர் ஏமாறவில்லை என்பதை அப்படியே நம்புவதாகச் சொன்னார். ஆனால் சோப்பைத் தொட்டுப் பார்த்து, செய்தவர் யார் என்று சொல்லக்கூடிய ஒருவரை வைத்து இந்தக் கேள்வியை அளக்க முடியாது. சாதாரண அறிவும் சாதாரண ஞாபகமும் உள்ளவர், அவசரமாகக் கடைக்கு வருகிறவர், அவரைத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு தெரிந்தவருக்கே உறையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால் தெரியாதவரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. வழக்கு முடியும் வரை நீலத்தில் வெள்ளைப் பறவை போட்டுப் பிரதிவாதி சோப்பு விற்கக் கூடாது. நாரை என்ற பெயரைப் பற்றி அடுத்த விசாரணையில் பார்க்கலாம்.

ஜெயித்த பெரியவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. வக்கீல் கை கொடுத்தார். அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். கூடத்துக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார்.

"வாரா வாரமா?"

"ஆமாங்க."

"என் சோப்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

"உங்க சோப்பைக் குறை சொன்னேனா? பரண்ல இருக்கறது உங்க சோப்பு. வெளிய போன பிள்ளையோட சோப்பு வெளியதானே கிடைக்கும்?"

"அவனைக் காப்பாத்தத்தானே கூண்டுல ஏறினே?"

"உண்மையைச் சொல்லத்தான் ஏறினேன். அது உங்க பக்கமா வந்து நின்னா நான் என்ன பண்ண?" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் நல்லது செய்யாமல் இரண்டு பேரையும் காயப்படுத்தியாகிவிட்டது. இதற்கு அந்த முட்டி வலிப் பொய்யே தேவலை.

சின்னவன் வந்தான். அவன் வக்கீலம்மா ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். அவன் காதில் விழவில்லை. திட்டுவான் என்று அண்ணி எதிர்பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அண்ணி, சோப்பு எப்படி இருந்துச்சு?" என்றான்.

"என்னது?"

"என் சோப்பு. வாரா வாரம் போட்டீங்களே. எப்படி இருந்துச்சு?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுக்கு நல்லா போகுது தம்பி. சீக்கிரம் கரையலை. நுரைதான் கொஞ்சம் கம்மி."

சின்னவன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பெரியவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த மின்விசிறியிடமே சொன்னார்.

"நுரை கம்மின்னா தேங்காயெண்ணெய் கம்மியா ஊத்தறான்னு அர்த்தம்."

அவர் தம்பி காதில் விழும்படி ஒரு வார்த்தை பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சின்னவன் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அண்ணியைப் பார்த்துத்தான் பேசினான்.

"எவ்வளவு ஊத்தணும்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணி."

"காய்ச்சறதுக்கு முன்னாடி எண்ணெயைக் கலக்கறானா, பின்னாடியான்னு கேளு" என்றார் பெரியவர், அவளிடம்.

அண்ணி இவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. காலையிலிருந்து இல்லை, இரண்டு வருஷமாக வர வேண்டிய கோபம்.

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்பெட்டியா? எனக்கு இன்னைக்குப் பேசினது போதும். நேரா பேசறதுன்னா பேசுங்க, இல்லைன்னா நின்னுக்கிட்டே இருங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியிருந்தது. பின்னால் யாரும் வரவில்லை. செருப்புச் சத்தமே இல்லை. இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள் என்று புரிந்தது. நிற்கட்டும் என்று நினைத்தாள். யாராவது ஒருவர் வந்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

பாதிப் படி இறங்கியபோது மேலே ஒரு குரல் ஆரம்பித்தது. வார்த்தை தெளிவாகக் கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. இரண்டு பேருக்கும் அப்பாவின் தொண்டை. அண்ணி கைப்பிடியைப் பிடித்தபடி நின்று காதைத் தீட்டினாள். முதலில் வாய் திறந்தது பெரியவரா சின்னவனா என்று அவளால் சொல்ல முடியவில்லை.